கில்டு வார்ஸ் 2: நேரம் குறைவாக உள்ளவர்கள் ஆடத் தகுந்ததா?

இணையத்தில் ஆயிரக்கணக்கானோர் கூடி ஆடும் மாயாஜாலப் பாத்திர விளையாட்டுகளைப் பற்றிப் பேச்செடுத்தால், வேலைக்கும் குடும்பத்துக்கும் நடுவில் நேரம் தேடுகிறவர்கள் முதலில் கேட்பது அதற்கு எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும் என்பதைத்தான். அந்தத் தயக்கம் நியாயமானது. இவ்வகை ஆட்டங்களில் பல, ஆடுபவர் அன்றாடம் வந்தே தீர வேண்டும் என்ற கணக்கில் கட்டப்பட்டவை. சில மாதங்கள் ஒதுங்கியிருந்துவிட்டுத் திரும்பினால் கையிலிருக்கும் வாளும் கவசமும் மதிப்பிழந்திருக்கும். உடன் ஆடியவர்கள் எட்டாத தூரத்துக்குப் போயிருப்பார்கள். அமெரிக்காவின் ஆரினாநெட் நிறுவனம் உருவாக்கி, 2012 ஆகஸ்ட் 28 அன்று வெளியான 'கில்டு வார்ஸ் 2' இந்த வழக்கத்திலிருந்து விலகி நிற்கும் ஆட்டம். அதை நெடுங்காலமாக விட்டு விட்டு ஆடி வருகிறவன் என்ற முறையில், வாரத்துக்குச் சில மணி நேரம் மட்டுமே கொடுக்கக்கூடிய ஒருவர் அதை நம்பித் தொடங்கலாமா என்ற ஒரு கேள்வியை மட்டும் வைத்து இங்கே மதிப்பிடுகிறேன்.

என் பதில், தொடங்கலாம் என்பதே. அதற்கான காரணங்களில் முதன்மையானது ஆட்டத்தின் அடித்தளத்திலேயே இருக்கிறது. பாத்திரம் எட்டக்கூடிய உச்ச நிலை, ஆட்டம் வெளியான நாளில் 80. விரிவாக்கங்கள் எனப்படும், தனியே விற்கப்படும் ஆறு பெரிய கூடுதல் பகுதிகள் வந்த பின்னும் அது 80 தான். 2012 நவம்பரில் 'அசெண்டட்' என்ற உயர்தரக் கருவிகள் சேர்க்கப்பட்டன. அதற்குப் பிறகு அவற்றைவிட வலுக்கூடிய கருவி எதுவும் வரவில்லை. 'லெஜண்டரி' எனப்படும் அரிய ஆயுதங்களும் கவசங்களும்கூட வலுவில் அசெண்டடுக்குச் சமமானவையே. பண்புகளை விரும்பியபோது மாற்றிக்கொள்ளலாம் என்பதும் அழகும்தான் அவற்றின் கூடுதல் சிறப்பு. 'வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட்' போன்ற ஆட்டங்கள் மாதச் சந்தா வாங்குவதோடு, புதிய விரிவாக்கம் வரும்போது உச்ச நிலையையும் கருவிகளின் வலுவையும் உயர்த்தி, பழைய உழைப்பைப் பின்தள்ளிவிடுகின்றன. இங்கே 2016-இல் செய்து முடித்த ஒரு கவசத்தை அணிந்து இன்று வெளிவரும் புதிய நிலப்பகுதிக்குள் எந்தக் குறையும் இல்லாமல் நுழையலாம். சந்தாவும் கிடையாது என்பதால், ஆடாத மாதத்துக்குப் பணம் போகிறதே என்ற உறுத்தலுக்கும் இடமில்லை. நேரம் குறைந்தவருக்கு இவ்வகை ஆட்டம் செய்யக்கூடிய பெரிய உபகாரம் இதுவே என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

உச்ச நிலை மாறாது என்பது மட்டும் போதாது. கையிலிருக்கும் ஒரு மணி நேரத்தில் உருப்படியாக ஏதாவது நடக்க வேண்டும். மனிதப் பாத்திரத்தைத் தேர்ந்தெடுப்பவர்கள் தொடங்கும் குவீன்ஸ்டேல் பகுதியை எடுத்துக்கொள்வோம். தொடக்கப் போர் முடிந்து வெளியே வந்ததும் ஒரு பண்ணை எதிர்ப்படும். அங்கே டயா என்ற விவசாயப் பெண்ணுக்கு உதவ வேண்டும்: மாடுகளுக்குத் தீவனம் வைக்கலாம், சோளப் பயிருக்கு நீர் ஊற்றலாம், மண்ணுக்குள் குடைந்து வரும் புழுக்களின் மேடுகளை மிதித்து மூடலாம். இவற்றில் எதைச் செய்தாலும் வரைபடத்திலுள்ள இதய வடிவம் நிறையும். வேலையை ஏற்றுக்கொள்ள ஒருவரிடம் போய், முடித்ததும் மீண்டும் அவரிடமே நடந்து திரும்பும் அலைச்சல் இல்லை. அந்த இடத்துக்குள் நுழைந்தாலே பணி தொடங்கிவிடும், விலகினால் அதுவரை செய்தது அப்படியே இருக்கும். இதற்கிடையில் அதே வட்டாரத்தில் கொள்ளையர்கள் தண்ணீர்க் குழாய்களை உடைக்க வருவார்கள். அந்தச் செய்தி திரையின் ஓரத்தில் தோன்றும். அருகிலிருக்கும் யாரும் ஓடிப்போய்த் தடுக்கலாம். தடுத்தவர்கள் அனைவருக்கும் அவரவர் பங்கு கிடைக்கும். முன்பின் தெரியாத நான்கைந்து பேர் எந்தப் பேச்சும் இன்றி ஒன்றுகூடி, வேலையை முடித்துக் கலைந்துபோவது இந்த ஆட்டத்தின் அன்றாடக் காட்சி.

அதே குவீன்ஸ்டேலின் சதுப்பு நிலத்தில் 'ஷேடோ பெஹிமத்' என்ற பேருருவம் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை எழுகிறது. இந்திய, இலங்கை நேரப்படி மாலை 7.15-க்கும் இரவு 9.15-க்கும் அது வரும் என்பதால், இரவு உணவுக்கு முன்போ பின்போ ஒரு கால் மணி நேரம் கிடைத்தாலும் கலந்துகொள்ளலாம். முதலில் சதுப்பைச் சுற்றிலும் இருண்ட வாயில்கள் திறக்கின்றன. அவற்றை மூடி முடித்ததும் நடுவிலிருந்து இடுப்பளவுக்கு மேல் எழும் அந்த உருவத்தின் முன் நம் பாத்திரம் ஒரு புல்லின் உயரம்கூட இருக்காது. நடுநடுவே அதன் மேல் எந்த அடியும் விழாத நிலை வரும். மீண்டும் திறக்கும் வாயில்களை அடித்து மூடினால்தான் தாக்குதலைத் தொடர முடியும். இருபதாம் நிலையைத் தொடாத புதியவரும், பல்லாண்டு ஆடியவரும் ஒரே களத்தில் நிற்கிறார்கள். பழையவரின் வலு அந்தப் பகுதிக்கு ஏற்பத் தானாகவே குறைக்கப்படுவதால், அவர் ஒரே அடியில் வேலையை முடித்துவிட்டுப் புதியவரை வேடிக்கை பார்க்கவைக்க முடியாது. இதைவிடப் பெரிய சவால் வேண்டுமென்றால், ஸ்பார்க்ஃப்ளை ஃபென் கடற்கரைக்கு இரவு 9.30 மணிக்கு வரும் 'டெக்வாட்டல்' என்ற டிராகன் இருக்கிறது. அங்கே பீரங்கிகளைக் கையாள ஒரு குழு, அவற்றைக் காக்க ஒரு குழு, டிராகனின் காலடியில் நின்று அடிக்க ஒரு குழு என்று மக்கள் தாங்களாகவே பிரிந்துகொள்வார்கள். பதினைந்து நிமிடங்களுக்குள் அதை வீழ்த்தியாக வேண்டும்.

பிறர் அருகில் இருப்பது நமக்கு நன்மையாகவே முடிய வேண்டும் என்ற கொள்கை ஆட்டம் முழுவதும் ஊடுருவியிருக்கிறது. நாம் அடிக்கத் தொடங்கிய விலங்கை இன்னொருவர் வந்து அடித்தால் நம் பங்கு குறைவதில்லை. சுரங்கக் கனிமமும் மரமும் செடியும் ஒவ்வொருவருக்கும் தனித்தனி; இன்னொருவர் வெட்டிவிட்டார் என்பதால் நமக்கு இல்லாமல் போகாது. உயிர்நிலை வற்றி விழுந்தாலும் உடனே இறப்பதில்லை. தரையில் கிடந்தபடியே சிறிது நேரம் போராடலாம், அப்போது எதிரி ஒன்று வீழ்ந்தால் எழுந்துவிடலாம், வழியில் போகும் யாரும் நின்று கைகொடுத்து எழுப்பலாம். எழுப்புகிறவருக்கும் அதற்கான அனுபவப் புள்ளிகள் உண்டு. விளைவாக, அந்நியரைக் கண்டால் மகிழ்ச்சி அடையும் சூழல் இங்கே இயல்பாக உருவாகியிருக்கிறது. குழு சேர்க்கவும் ஆட்டக்காரர் சங்கமான கில்டில் இணையவும் நேரமில்லாதவர்களுக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை, மற்ற ஆட்டங்களில் துணை கிடைக்காமல் காத்திருந்தவர்கள் அறிவார்கள்.

சண்டை முறை கற்க எளியது. கையிலிருக்கும் ஆயுதமே முதல் ஐந்து திறன்களைத் தீர்மானிக்கிறது. ஆறாவது நம்மைக் குணப்படுத்துவது. அடுத்த மூன்றும் நாம் தேர்ந்தெடுப்பவை. பத்தாவது எப்போதாவது பயன்படுத்தும் பெரிய திறன். திரை முழுவதும் பொத்தான்கள் நிறைந்து மிரட்டுவதில்லை. இதனுடன் உருண்டு விலகும் அசைவு ஒன்று உண்டு. எதிரி ஓங்கும் நேரத்தைக் கவனித்து விலகுவதுதான் உண்மையான திறமை. பல மாதங்கள் கழித்துத் திரும்பி வருகிறவர்களுக்கும் அரை மணி நேரத்தில் கை பழகிவிடும். பாத்திரத்தின் சண்டைப் பாணியைத் தீர்மானிக்கும் ஒன்பது தொழில்களில் எதை எடுப்பது என்று குழம்புகிறவர்களுக்கு நெக்ரோமான்சரையோ ரேஞ்சரையோ பரிந்துரைப்பேன். முன்னதற்கு இரண்டாவது உயிர்நிலை போலச் செயல்படும் நிழல் வடிவம் இருக்கிறது. பின்னதற்கு முன்னால் நின்று அடி வாங்கும் விலங்குத் துணை இருக்கிறது. இரண்டுமே தனியாகத் திரிபவரின் தவறுகளைப் பொறுத்துக்கொள்ளும்.

ஆட்டத்தின் மிகச் சிறந்த பகுதி எதுவென்று கேட்டால், 2017 செப்டம்பரில் 'பாத் ஆஃப் ஃபயர்' விரிவாக்கத்தோடு வந்த, ஏறிச் செல்லும் விலங்குகளான மவுண்ட்கள் என்று தயங்காமல் சொல்வேன். வேகத்தைக் கூட்டுவதற்காக ஒரு குதிரையைக் கொடுத்து நிறுத்திக்கொள்ளாமல், ஒவ்வொரு விலங்குக்கும் தனி உடலையும் தனி நடையையும் தந்திருக்கிறார்கள். ராப்டர் பள்ளத்தாக்குகளை நீளமாகத் தாண்டும். முயலைப் போன்ற ஸ்பிரிங்கர், பொத்தானை அழுத்திப் பிடித்தால் பின்னங்கால்களை மடக்கிப் பதுங்கும். விட்டால் செங்குத்தான பாறையின் உச்சிவரை எழும்பும், மேலே போய் விழும்போது அதன் எடை தரையில் இறங்குவதை உணர முடியும். ஸ்கிம்மர் நீர்ப்பரப்பின் மேல் மிதந்து செல்லும். ஜாக்கல் ஓரிடத்தில் மணலாகக் கரைந்து இன்னோரிடத்தில் உருக்கொள்ளும். மலை உச்சியிலிருந்து கிரிஃபினில் பாய்ந்து, சிறகை மடக்கிக் கீழ்நோக்கி வேகம் பிடித்து, மீண்டும் மேலெழும் அந்த ஓட்டம் எனக்கு இன்றுவரை சலிக்கவில்லை. இவற்றைப் பழைய நிலப்பகுதிகளிலும் பயன்படுத்தலாம் என்பதால், ஏற்கெனவே நடந்து பார்த்த ஊரையெல்லாம் மறுபடியும் சுற்றத் தோன்றும். எந்த இலக்கும் இல்லாமல் அரை மணி நேரம் உலாவுவதே நிறைவாக இருக்கும் ஆட்டங்கள் மிகச் சில. இது அவற்றில் ஒன்று.

கதையைப் பற்றி அதே உற்சாகத்தோடு பேச முடியவில்லை. டைரியா என்ற உலகை மூத்த டிராகன்களிடமிருந்து காக்கும் கதை, முழுக் குரல் நடிப்போடு சொல்லப்படுகிறது. சார், நார்ன், அசூரா, சில்வாரி, மனிதர் என ஐந்து இனங்களுக்கும் தனித்தனித் தொடக்கம் உண்டு. அசூராக்களின் கர்வமும் சார்களின் படைமுகாம் வாழ்க்கையும் நன்றாக எழுதப்பட்டவை. ஆயினும் முதல் 80 நிலைகளின் கதை பல இடங்களில் தட்டையாகவே நகர்கிறது. நம் பாத்திரத்தைவிட டிரெஹெர்ன் என்ற துணைப்பாத்திரம் முன்னுக்கு வரும் பகுதி பலரையும் சோர்வடையச் செய்தது. இதைவிடப் பெரிய சிக்கல் கதை விற்கப்படும் விதத்தில் இருக்கிறது. விரிவாக்கங்களுக்கு இடைப்பட்ட காலத்தில் 'லிவிங் வேர்ல்டு' என்ற பெயரில் பருவம் பருவமாக அத்தியாயங்கள் வந்தன. வெளியான நாள்களில் ஆட்டத்துக்குள் நுழைந்தவர்களுக்கு அவை இலவசம், பின்னால் வந்தவர்கள் பெரும்பாலானவற்றைத் தனியே வாங்க வேண்டும். எனவே முதல் விரிவாக்கமான 'ஹார்ட் ஆஃப் தார்ன்ஸ்' முடித்து நேராக 'பாத் ஆஃப் ஃபயர்' தொடங்குகிறவர், இடையில் மூன்றாம் பருவத்தில் நடந்தவை தெரியாமல் விழிப்பார். முறையாகக் கதையைத் தொடர விரும்பும் புதியவருக்கு இது உண்மையான இடையூறு. நிறுவனம் எல்லாவற்றையும் ஒரே எளிய தொகுப்பாகக் குறைந்த விலையில் தந்திருக்க வேண்டும் என்பதே என் கருத்து.

80-ஐ எட்டிய பின் வரும் வெறுமையையும் சொல்ல வேண்டும். அதுவரை கையைப் பிடித்து நடத்திய ஆட்டம், அந்த நிலையில் சட்டென்று கையை விட்டுவிடுகிறது. ஐவர் குழுவாக இறங்கும் ஃப்ராக்டல் என்ற சிறு களங்கள், பத்துப் பேர் சேர்ந்து கடினமான எதிரிகளை வீழ்த்தும் ரெய்டு, ஆட்டக்காரர் அணிகளுக்கு இடையிலான பெரும்போர், சேகரிப்புகள், நெடுங்கால லெஜண்டரி வேலை என்று பல கதவுகள் ஒரே நேரத்தில் திறக்கின்றன. எதில் நுழைய வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. 2023 ஆகஸ்டில் அறிமுகமான 'விசார்ட்ஸ் வால்ட்' இந்தக் குறையைப் பெரிதும் தீர்த்தது. நாள்பணி, வாரப்பணி, பருவப்பணி என மூன்று பட்டியல்கள். போட்டி ஆட்டம் வேண்டாம் என்று நாமே குறித்துக்கொள்ளலாம். முடித்த பணிகளுக்குக் கிடைக்கும் புள்ளிகளால் பயனுள்ள பொருள்களை வாங்கலாம். வாரப்பணிகளை இரண்டு மூன்று அமர்வுகளில் முடித்துவிட முடிவதால், நாள்தோறும் வர இயலாதவரும் பெரிதாக இழப்பதில்லை. ஆண்டு விழாக்களும் அப்படித்தான்: குளிர்கால விண்டர்ஸ்டே, ஹாலோவீன், சந்திரப் புத்தாண்டு ஆகியவை ஒவ்வோர் ஆண்டும் திரும்ப வருகின்றன.

நேரம் குறைந்தவர்கள் ஒதுக்கிவைக்க வேண்டியவை சில உண்டு. ரெய்டுகளுக்கு ஒருங்கிணைந்த குழுவும் தடையற்ற நீண்ட நேரமும் தேவை. 'எண்ட் ஆஃப் டிராகன்ஸ்' விரிவாக்கத்தின் கடைசி நிலப்பகுதியில் நடக்கும் பெரும் போர், ஆயத்தப் பணிகளோடு சேர்த்துப் பார்த்தால் ஒரு மாலைப் பொழுதையே கேட்கும். அதன் முடிவில் தோற்கவும் வாய்ப்பு இருக்கிறது. 'ஹார்ட் ஆஃப் தார்ன்ஸ்' காடுகள் மூன்று அடுக்குகளாக மேலும் கீழும் விரிவதால் வரைபடத்தைப் பார்த்து வழி கண்டுபிடிப்பதே முதலில் பாடாக இருக்கும். இணைய ஆட்டம் என்பதால் எங்கும் இடைநிறுத்தப் பொத்தான் கிடையாது. திறந்த வெளியில் பாதுகாப்பான இடத்தில் பாத்திரத்தை நிறுத்திவிட்டு எழுந்து போகலாம், ஆனால் கதைப் பணியின் நடுவில் எழுந்தால் அந்தப் பகுதியை மறுபடி ஆட வேண்டி வரலாம். கைக்குழந்தை உள்ள வீட்டில் ஆடுகிறவர்கள் கதைப் பணிகளைக் குழந்தை உறங்கிய பின் வைத்துக்கொள்வது நல்லது.

பைகள் நிறைவது இன்னொரு தொல்லை. ஒரு பெரிய நிகழ்வு முடிந்தால் இனங்காணாத கருவிகள், பெட்டிகள், துணுக்குகள், விதவிதமான நாணயங்கள் என்று குவிந்துவிடும். மூலப்பொருள்களை ஒரே சொடுக்கில் கிடங்குக்கு அனுப்பும் வசதி இருந்தாலும், எதை உடைப்பது, எதை விற்பது, எதை வைத்துக்கொள்வது என்று தெரியாத புதியவர் ஆடும் நேரத்தில் கணிசமான பங்கைப் பையைத் துழாவுவதிலேயே செலவிட நேரும். பை இடத்தையும் வங்கி இடத்தையும் ஆட்டத்துக்குள்ளேயே இருக்கும் ஜெம் கடை பணத்துக்கு விற்கிறது என்பதைப் பார்க்கும்போது, இந்த நெருக்கடி தற்செயலானதாகத் தோன்றவில்லை. அந்தக் கடையில் விற்கப்படுபவை பெரும்பாலும் தோற்றங்களும் வசதிகளுமே. சண்டையில் வலுவைக் கூட்டும் எதுவும் இல்லை. ஆட்டத்தில் சேர்த்த தங்கத்தைக் கொடுத்தும் ஜெம் வாங்கலாம் என்பது நியாயமான ஏற்பாடு. ஆனால் என்ன வரும் என்று தெரியாமல் சாவி வாங்கித் திறக்கும் பெட்டிகளை எவரும் தொடவே கூடாது. சிறுவர்கள் ஆடும் வீடுகளில் பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும்.

நம் பகுதியிலிருந்து ஆடுகிறவர்களுக்கு இணைப்பு பற்றிய குறிப்பு அவசியம். சீனாவுக்கான தனிப் பதிப்பை விட்டால், ஆட்டத்தின் சர்வர்கள் வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் மட்டுமே இருக்கின்றன. இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் ஐரோப்பாவே கிட்டத்தில் இருப்பது. நம் இரவு ஒன்பது மணி அங்கே பிற்பகல் என்பதால் ஆள்கூட்டமும் இருக்கும். சிறிய தாமதம் உணரப்படும். திறந்த வெளிச் சண்டைகளில் அது இடைஞ்சலாக இருப்பதில்லை, ஆட்டக்காரர்களுக்கு எதிரான போட்டிகளில் தெரியும். கணினியைப் பொறுத்தவரை, பழைய ஆட்டமாதலால் விலையுயர்ந்த கிராஃபிக்ஸ் அட்டை தேவையில்லை. ஐம்பது பேர் ஒரே டிராகனைச் சூழும்போது மட்டும் திரை ஒளிப்பிழம்பாகி, எதிரியின் அசைவே தெரியாமல் போகும். அமைப்புகளில் பிற பாத்திரங்களின் எண்ணிக்கையையும் விளைவொளிகளையும் குறைத்துக்கொண்டால் ஓரளவு தெளியும்.

செலவைப் பார்ப்போம். 2015 முதல் அடிப்படை ஆட்டம் இலவசம்; 80 நிலை வரை பைசா கொடுக்காமல் ஆடலாம். இலவசக் கணக்கில் இரண்டு பாத்திரங்களே வைத்துக்கொள்ள முடியும். உரையாடலிலும் சந்தையிலும் கட்டுப்பாடுகள் உண்டு. ஆனால் ஆட்டம் நமக்கு ஒத்துவருமா என்று பார்க்க அதுவே தாராளம். ஒத்துவந்தால் முதல் இரண்டு விரிவாக்கங்கள் சேர்ந்த தொகுப்பை வாங்குங்கள். மவுண்ட்களும், காற்றில் மிதந்து செல்ல உதவும் கிளைடரும் அதில் கிடைத்துவிடும். அது அடிக்கடி தள்ளுபடியில் வருவதால் முழு விலை கொடுக்க அவசரப்பட வேண்டாம். அதனுடன் கிடைக்கும், நேரே 80-க்கு உயர்த்தும் பொருளை முதல் பாத்திரத்துக்குப் பயன்படுத்தாதீர்கள். குவீன்ஸ்டேல் போன்ற தொடக்க நிலங்களில் மெல்ல வளர்வதுதான் இந்த ஆட்டத்தின் சுவை. பிந்தைய விரிவாக்கங்கள் எங்கும் ஓடிவிடாது.

வாங்குவதற்கு முன் ஒன்றை மட்டும் முடிவு செய்துகொள்ளுங்கள். 2022 ஆகஸ்ட் முதல் ஆட்டம் ஸ்டீம் என்ற விளையாட்டு விற்பனைத் தளத்திலும் கிடைக்கிறது, ஆனால் ஆரினாநெட் தளத்தில் நேரடியாகத் தொடங்கிய கணக்கைப் பிறகு ஸ்டீமோடு இணைக்க முடியாது. ஸ்டீமில் வாங்கிய விரிவாக்கமும் மற்றக் கணக்குக்கு வராது. ஸ்டீமின் உள்ளூர் விலையும் தள்ளுபடியும் உங்களுக்கு முக்கியமென்றால், இலவசமாக ஆடிப் பார்க்கும் முதல் நாளிலேயே கணக்கை அங்கே தொடங்குங்கள்.